அம்மாவுக்குக் காட்டாத படம்

என் வேலை என்னவென்று சொந்தக்காரர்களுக்கு விளக்குவதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். "ஸ்கேன் மிஷின் செய்யறா" என்று அம்மா எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள். ஒரு கல்யாணப் பந்தியில் பெரியப்பா முறையுள்ள ஒருவர் இலைமேல் குனிந்து, "ஆணா பொண்ணான்னு சொல்ற மிஷினாம்மா?" என்று ரகசியமாகக் கேட்டார். "இல்ல பெரீப்பா, அத சொன்னா ஜெயில்ல போட்டுருவாங்க. புள்ள பெத்ததுக்கு அப்புறம் பொம்பளைங்களுக்கு அடியில இன்னா கெட்டுதுன்னு பாக்கற மிஷினு" என்றேன். பாயசம் வரும்வரை மனிதர் என் பக்கம் திரும்பவே இல்லை.

இடுப்பெலும்புக்குள் கீழ்ப்பக்கமாக ஒரு தசை இருக்கிறது. விட்டத்தில் கட்டிய தூளி போல எலும்பைப் பிடித்துக்கொண்டு, கர்ப்பப்பை, மூத்திரப்பை, மலக்குடல் எல்லாவற்றையும் அது தாங்கிக்கொண்டிருக்கும். அது கெட்டால் இருமினால் சொட்டும், தும்மினால் நனையும், கடைசியில் கர்ப்பப்பையே இறங்கி வெளியே தட்டும். இதைப் பற்றிப் பேச நம் ஊரில் யாருக்கும் வாய் கிடையாது. டாக்டர் விரல் வைத்துப் பார்த்தால் இறங்கியிருப்பது தெரியும், ஏன் இறங்கியது என்பது தெரியாது. அதைப் பார்க்கும் பெரிய கருவிகள் பெரிய இடங்களில் உண்டு. நாங்கள் சென்னையில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில், பையில் போட்டு எடுத்துப்போகிற சாதாரண ஸ்கேன் கருவியை அதற்குப் பழக்கிக்கொண்டிருந்தோம். உள்ளே எதையும் விட வேண்டாம், வெளியிலிருந்தே படம் எடுக்கலாம். படத்தில் தசை எது என்று கம்ப்யூட்டரே கண்டுபிடித்து அளந்து சொல்லவேண்டும். அந்தப் பகுதி என்னுடையது.

எத்தனையோ வேலை இருக்க இதில் ஏன் போய் விழுந்தாய் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்பார்கள். ஆர்வம் என்று சொல்வேன். அது பொய். எங்கள் வீட்டில் எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள், அதனால்தான்.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். அப்பா பட்டு நெய்கிறவர், அவரை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். புடவையின் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக இருந்தால் இரண்டையும் இழைக்கு இழை பூட்டிக்கொண்டே நெய்யவேண்டும். அதுதான் கோர்வை. அது ஒருவர் கையால் ஆகிற காரியமில்லை. நெய்கிறவருக்கு வலப்பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரைக்கு, ஊடை நூல் சுற்றிய கட்டையான நாடாவை ஓட்டிக்கொடுக்க வேண்டும். ஒருவர் எழுந்துவிட்டால் மற்றவர் கையும் நின்றுவிடும். நைனாவுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தவள் அம்மா.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது அக்கா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளைக் கொடுத்திருந்தது பக்கத்தில் முசரவாக்கத்தில். ஆஸ்பத்திரியில் குழந்தை பாதி வழியில் மாட்டிக்கொண்டு, ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்ததே காமாட்சி புண்ணியம் என்று அழைத்து வந்தோம். அந்த நேரம் பார்த்து அம்மாவின் வலதுகைக் கட்டைவிரலில் நகச்சுத்தி. விரல் வீங்கி, எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தாள். தறியில் இருந்தது ஒரு முகூர்த்தப் புடவை. கல்யாணத் தேதி யாருக்காகவும் நிற்காது.

"கரைக்கு மட்டும் கொஞ்சம் உக்காந்து குடுமா. கொழந்தய நான் பாத்துக்கறேன்" என்றாள் அம்மா. மாதம்கூடத் திரும்பாத பச்சை உடம்பு. அக்கா மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்தாள். நெய்து முடித்த புடவையைத் தறியிலிருந்து அறுக்கிற அன்று எழுந்தவள், புழக்கடைக்குப் போய் அங்கிருந்து கத்தினாள். "அம்மா! இன்னாமோ கீழ வந்து தட்டுதும்மா!"

அம்மா என்று அவள் வாய்விட்டுக் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் கடைசி.

அழைத்துப்போக வந்த மாமியார் விஷயம் தெரிந்ததும் வாசலிலேயே நின்று பேசினாள். "பச்ச ஒடம்புக்காரிய தறியில உக்கார வச்சு கெடுத்துட்டு, இப்ப எங்க தலையில கட்டப் பாக்கறீங்களா?" ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தெரு முழுக்க அதையே சொன்னது. அத்தான் கொஞ்ச நாள் வந்துபோனார், பிறகு வரவில்லை, பிறகு அவருக்கு வேறு கல்யாணம் ஆனது. அக்கா குழந்தையோடு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையை எடுத்தும், கொஞ்ச காலத்தில் உள்ளே இருந்த மற்றதெல்லாம் மறுபடி இறங்கியது. ஈரத்துணியோடு பட்டுக்குப் பக்கத்தில் போகக் கூடாது என்று தறி இருக்கும் அறைக்குள் அவள் கால் வைப்பதே இல்லை. கோயிலுக்கும் போவதில்லை.

ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு, அவள் அம்மாவிடம் நேராகப் பேச மாட்டாள். அம்மா எதிரிலேயே நின்றுகொண்டிருக்க, "அந்தம்மாவ சாப்ட சொல்லு" என்பாள் என்னிடம். அம்மாவும் என்னிடம், "பசிக்கலன்னு சொல்லு" என்பாள். நடுவில் தபால்காரி வேலை எனக்கு. சிரிப்பாகத்தான் இருக்கும், சிரிக்க முடியாது.

அம்மா எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அக்காவின் துணிகளைத் தெரு விழிப்பதற்கு முன் தானே அலசி உள்பக்கக் கொடியில் உலர்த்துவாள். மகள் உடம்பு சரியாகிறவரை பட்டு உடுத்துவதில்லை என்று காமாட்சியிடம் வேண்டிக்கொண்டாள். பட்டு நெய்கிற வீட்டில் பட்டு மலிந்து கிடக்கும் என்று நினைக்காதீர்கள். தறியில் இருப்பது முதலாளியுடைய பட்டு. அம்மாவிடம் இருந்தது அவளுடைய முகூர்த்தப் புடவை ஒன்றுதான், அதையும் எனக்குக் கொடுத்துவிட்டாள். என் கல்யாணத்தில் மணமேடையில் நூல் புடவையோடு நின்றாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது. தாலி ஏறுகிற நேரத்தில் எனக்கு அக்காமீது வந்த கோபத்தை இன்றும் என்னால் சொல்லி மாளாது.

எங்கள் கருவி ஓரளவு தயாரானதும், அதைப் பல பெண்களிடம் சோதிக்க வேண்டியிருந்தது. நான் பிள்ளையார்பாளையத்தையே கேட்டேன். ஒரு நர்சிங் ஹோமின் பின்னறையை விட்டுக்கொடுத்தார்கள். எங்கள் குழுவில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பேசி அழைத்து வந்தது யார் தெரியுமா? என் அக்கா. "வெளிய வச்சு பாக்கறதுதான், வலிக்காதுக்கா, எந்தங்கச்சிதான் பாக்கறா" என்று கூச்சப்படுகிறவர்களின் கையைப் பிடித்து உள்ளே கொண்டுவந்து விடுவாள். தான் மட்டும் படுக்க மாட்டாள்.

அங்கேதான் எங்களுக்கு ஒரு சிக்கல் முளைத்தது. எங்கள் கணக்குப்படி பெண்கள் கீழ்நோக்கி முக்க வேண்டும். அப்போதுதான் எவ்வளவு இறங்குகிறது என்று படத்தில் தெரியும். சென்னையில் யாரும் இதற்குத் திணறவில்லை. இங்கே "முக்குங்கம்மா" என்றால் எல்லாம் இறுகிக்கொண்டு மேலே ஏறியது. கோர்வைக்கு உட்கார்ந்தவள் நடுவில் எழ முடியாது. பட்டில் ஒரு சொட்டு ஈரம் பட்டால் அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்து அடக்கி அடக்கிப் பழகிய உடம்புகள் அவை. சரிகைக் கடைக்காரரின் மனைவியான ஒரு பாய் வீட்டு அம்மா மட்டும் சொன்னபடி முக்கிவிட்டு, "இவங்கள்லாம் தறிக்காரங்கம்மா, உசுர வுடச் சொன்னா வுடுவாங்க, இத வுடமாட்டாங்க" என்று சிரித்தார். அறையே சிரித்தது. இறுகிய படங்களை எல்லாம் எங்கள் மென்பொருள் 'பயனில்லை' என்று ஒதுக்கிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். கையில் அலசிய துணி சொட்டிக்கொண்டிருந்தது.

"ஊர்ல இருக்கறவங்கள எல்லாம் பாக்கற. அவள பாக்கக் கூடாதா?"

"வரமாட்டேங்கறாம்மா."

"நான் கேட்டேன்னு சொல்லு. என்னால அவளுக்கு எவ்ளோ கெட்டுதுன்னாவது தெரிஞ்சிக்கினு போறேன்."

அதை அப்படியே அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். "அந்தம்மா சொல்லி அனுப்புச்சா? அப்ப சாகற வரிக்கும் வரமாட்டேன் போ" என்றாள். நான் கத்தினேன். கெஞ்சினேன். உனக்கு நெஞ்சில் என்ன கருங்கல்லா இருக்கிறது என்று கேட்டேன். அவள் அரிந்து முடித்து, எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் என்னிடமும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அந்தத் தை மாதத்தில் ஒரு காலைப்பொழுது நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்த அம்மா எழுந்திருக்கவில்லை. நான் சென்னையிலிருந்து போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அக்கா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. தாய்மாமன் வீட்டார் கோடிப் புடவையாகப் பட்டு கொண்டுவந்தார்கள். அதை விரித்துப் போர்த்தப் போனபோது அக்கா தடுத்தாள். "அந்தம்மாவுக்கு பட்டு வேணாம். நூல் பொடவ போதும்."

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வேண்டுதலை அவளாவது மதித்தாள் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. காரியம் முடிந்து சென்னைக்குக் கிளம்பியபோது அவளிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன்.

மழைக்காலத்தில் மறுபடி அந்தப் பின்னறைக்குப் பெண்களைப் பார்க்கப் போனோம். கடைசிப் பெண்ணும் போன பிறகு அக்கா உள்ளே வந்தாள். செருப்பை ஓரமாக விட்டுவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்தாள்.

"இப்ப என்ன வந்துச்சு உனக்கு?" என்று கேட்டேன்.

"இப்பதான் போ போன்னு சொல்றதுக்கு யாரும் இல்லியே. அதான் வந்தேன்."

அக்காவின் உடம்பை அப்படி நான் பார்த்ததில்லை. ஜெல்லைத் தடவினேன். "முக்குக்கா" என்றேன். எதிர்பார்த்தபடியே இறுக்கினாள். "இறுக்காதக்கா, வுடு" என்றேன். "வுட வரலடி" என்றாள். திரும்பத் திரும்ப முயன்றும் வரவில்லை. திரையில் அவள் படத்துக்குக் கீழேயும் 'பயனில்லை' என்று வந்து நின்றது.

வேறு யாராக இருந்தாலும் நன்றி சொல்லி அனுப்பியிருப்பேன். இது அக்கா. அந்தப் படத்தை மூட மனம் வராமல் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இறுக்கும்போது இடப்பக்கத் தசை மேலே எழுந்து வந்தது. வலப்பக்கம் வரவில்லை. அந்த இடத்தில் எலும்புக்கு அருகே கறுப்பாக ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. நாங்கள் முக்கும் படத்திலேயே குறியாக இருந்ததால், இறுகும் படத்தை வலம் இடம் ஒப்பிட்டுப் பார்க்க என் மென்பொருளுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. டாக்டரைக் கூப்பிட்டேன்.

அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு அக்காவிடம், "ஆயுதம் போட்டு எடுத்த கொழந்தையாம்மா?" என்று கேட்டார்.

"ஆமா."

"தூளிய ஒரு பக்கம் கட்டின எடத்துல அவுத்துவிட்ட மாதிரி, வலது பக்கத் தசை எலும்ப விட்டே பிச்சிக்கிட்டு வந்திருக்கு. இது பிரசவத்துல ஆனது. அதனாலதான் ஆபரேஷன் பண்ணியும் மறுபடி எறங்குது."

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். பாவாடை நாடாவை முடிந்துகொண்டே கேட்டாள். "தறியில உக்காந்ததால இல்லியா?"

"உக்காந்தா பாரம் தெரிஞ்சிருக்கும். உங்களுக்கு அன்னிக்குத் தெரிஞ்சுது, அவ்வளவுதான். தசை அப்படிப் பிச்சிக்கிட்டு வராது. அது கொழந்த பொறந்த அன்னிக்கே ஆயிடுச்சும்மா."

"உக்காராம இருந்திருந்தாலும்?"

"எறங்கித்தான் இருக்கும்."

"அப்ப யார் மேல தப்பு?"

"யார் மேலயும் இல்லம்மா. அன்னிக்கு இழுத்து எடுக்கலன்னா உங்க பொண்ணு இன்னிக்கு இல்ல."

அந்தப் பெண் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போகிறாள். அவள் ஷிப்ட் முடிந்து வருகிற நேரம் அது. அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அந்தத் தசையைத் திரும்ப எலும்போடு ஒட்டவைப்பது சுலபமில்லை, ஆனால் உள்ளே ஒரு வளையம் வைத்துத் தாங்கலாம், பயிற்சிகள் இருக்கின்றன என்று டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். அவள் கேட்டதாகத் தெரியவில்லை.

டாக்டர் வெளியே போனதும் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "போன வருசமே என்ன ஏண்டி தரதரன்னு இழுத்துக்கினு வந்து படுக்க வைக்கல? உனக்குத்தான் படிப்பு இருக்குது இல்ல? உனக்குத் தெரிய வேணாமா?"

நான் கெஞ்சினேனே என்று சொல்லியிருக்கலாம். அம்மா கேட்டாளே, நீதானே வரமாட்டேன் என்றாய் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல எந்தத் தங்கைக்கும் மனசு வராது. என்னால் அழத்தான் முடிந்தது. அவள் அப்போதும் அழவில்லை. அவள் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கிற மிஷினை யாரும் இன்னும் செய்யவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் ஒதுக்கிவைத்த படங்களை எல்லாம் மறுபடி எடுத்தோம். இறுகும் தசையை இரண்டு பக்கமும் ஒப்பிடும்படி மென்பொருளை மாற்றினேன். எங்கள் தெருக்களிலேயே இன்னும் சில பெண்களுக்கு அதே பள்ளம் தெரிந்தது. வெயிட்டைத் தூக்கினாய், சீக்கிரம் எழுந்து நடந்தாய், பத்தியம் இருக்கவில்லை என்று அவர்களையும் யாராவது குற்றம் சொல்லித்தான் வைத்திருந்தார்கள். டாக்டரும் நானும் நேரில் போய்ச் சொன்னோம். இந்த முறை அக்கா எங்களோடு வரவில்லை. எங்கள் கருவியைப் பாராட்டிச் சென்னையில் ஒரு கூட்டத்தில் பேசினார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நினைத்துக்கொண்டே மாலையை வாங்கிக்கொண்டேன்.

தையில் அம்மாவுக்கு வருஷத் திதி வந்தது. இறந்தவர்களுக்குப் படையல் போடும்போது புதுத்துணி வைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். முதல் நாள் நைனா, "ஒரு நூல் பொடவ வாங்கியாந்துருங்கமா" என்றார். அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். போய் நின்றது ஒரு பட்டுக் கடையில். எங்கள் தெருவில் நெய்ததையே எங்கள் ஊர்க் கடையில் காசு கொடுத்து வாங்க நாங்கள் அதற்கு முன் போனதில்லை. அரக்கு உடல், பச்சைக் கரை, இரண்டு பக்கமும் கோர்வை. அம்மாவின் முகூர்த்தப் புடவையும் அந்த நிறம்தான்.

"யாருக்கும்மா, கல்யாணப் பொண்ணுக்கா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"அம்மாவுக்கு" என்றாள் அக்கா.

நான் கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைக்காரருக்கு ஒன்றும் புரிந்திருக்காது, பில் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் படையல் போட்டோம். வடை, பாயசம், அம்மாவுக்குப் பிடித்த வாழைக்காய் வறுவல், நடுவில் அந்தப் புடவை. நைனா கற்பூரம் காட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் புடவையின் வலது கரையை விரலால் தடவிப் பார்த்தார். "நல்லா பூட்டியிருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காக்கைக்குச் சோறு வைக்க மாடிக்குப் போனார்.

அக்கா அம்மா படத்துக்கு முன்னால் உட்கார்ந்தே இருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"ஏண்டி, அப்ப அம்மாக்கு நகச்சுத்தி வந்து, எலுமிச்சம்பழத்த செருவிக்கினு வூட்டுக்குள்ள நடந்துக்கினே இருந்துச்சே. ரொம்ப வலிச்சிருக்கும் இல்ல?"

"ஆமாக்கா" என்றேன்.

"நான் ஒருநாள் கூட கேக்கலடி" என்று சொல்லிவிட்டு, என் மடியில் முகத்தை வைத்து அழ ஆரம்பித்தாள்.